டூம் மாறிய ஞாயிறு

அத்தியாயம் 9

விதித்தாளுக்கு ஒரு பின்பக்கமும் இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

ஐந்து வாரமாக ஷெட் சுவரில் ஒட்டியிருந்த தாள். அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டேப் விட்டுப்போய்க் காலடியில் குப்புற விழுந்தது. எடுத்து மறுபடி ஒட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

'விதி ஏழு: மாற்றிப் பூட்டிய பாகங்களில் மட்டுமல்ல, அவற்றைத் தாங்கும் பட்டை, கிளாம்பு எதிலும் புதிதாகத் துளை போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தால் வண்டி களத்துக்குள் அனுமதிக்கப்படாது.'

இரண்டாம் முறை படித்துவிட்டு வண்டியின் முகத்தைப் பார்த்தாள். ஹெட்லைட்டைச் சுற்றி முகமூடி மாதிரி வருகிற ஃபைபர் கூடு. கடைத்தெருவில் அதற்கு டூம் என்று பெயர். அது இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் நின்றிருந்தது. அந்தப் பட்டைகளில்தான் அவள் கணவன் போன வாரம் டிரில்லை வைத்து அழகாக நாலு ஓட்டை போட்டிருந்தான்.



உதிரிபாகக் கடையில் கவுன்ட்டர் வேலை பார்ப்பவள் அவள். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டாமல் பார்ட் நம்பரைச் சொல்வாள். அதனால் தெருவே அவளை 'நம்பர்' என்றுதான் கூப்பிடும். கணவன் பெயின்டர். ஒரு சாதாரண பழைய வண்டி. அதற்கு ஒரு மாடலின் டேங்க், இன்னொன்றின் சைடு பேனல், வேறொன்றின் வால்பகுதி, நாலாவது ஒன்றின் டூம் என்று தேடித் தேடிப் பூட்டி, மைநீலத்தில் ஏழு கோட்டிங் அடித்து, ஐந்து வாரம் உயிரைக் கொடுத்திருந்தான். வெட்டக் கூடாது, வெல்டு வைக்கக் கூடாது, இருக்கிற போல்ட் துளைகளிலேயே ஒரு வண்டியின் உடுப்பை இன்னொரு வண்டிக்கு மாட்ட வேண்டும். போட்டியே அதுதான்.

"இன்னைக்குத் தேறலைன்னா, நாளைக்கு அந்த பஸ் கம்பெனிக்கு வர்றேன்னு சொல்லிடுவேன்" என்று நேற்று சாப்பிடும்போது சொல்லியிருந்தான். ஐநூறு கிலோமீட்டர் தள்ளி, பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. அவள் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவனுக்கு போன் போட்டாள். மணி அவள் முதுகுக்குப் பின்னாலேயே, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வரிசை எண் எடுக்க வண்டிக்காரரே நேரில் வர வேண்டும் என்று மைதானத்தில் சொல்லியிருந்தார்கள். பதினோரு மணிக்கு வேனோடு வருவான். பன்னிரண்டுக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

 அப்போதுதான் பக்கத்து ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

நடுவில் ஒரு தகரத் தடுப்பு. ஏழு மாதத்துக்கு முன்பு வரை அது இல்லை. அண்ணன் ஃபிட்டர், தம்பி பெயின்டர், ஒரே ஷெட், ஒரே பெயர்ப்பலகை. ஒரு வாடிக்கையாளரின் டேங்கில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. பூட்டும்போது நீதான் கீறினாய் என்றான் தம்பி. கழற்றும்போதே இருந்தது என்றார் அண்ணன். பேச்சு வளர்ந்து, குரல் உயர்ந்து, கடைசியில் தகரம் வந்து நின்றது. அன்றிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆனால் போட்டிக்கு மட்டும் ஆளுக்கொரு வண்டி பதிவாகியிருந்தது.

டொக். மறுபடியும்.

மூன்று நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது அது எதிலோ இடிக்கிறது. எதில் இடிக்கும்? அந்த ஷெட்டுக்குப் போன அகல டூமை இவள் கைதான் கவுன்ட்டரில் எடுத்துக் கொடுத்தது. நம்பர் நாக்கு நுனியில் நின்றது. அந்த அகல டூம் எந்த மாடலுக்காகச் செய்தது என்பதும் நினைவுக்கு வந்தபோது அவள் கையிலிருந்த துணி தானாக நழுவியது. அது இவர்களுடைய வண்டியின் அடுத்த வருட மாடல். போல்ட் துளைகள் மாறவில்லை.

அப்படியானால் இங்கே இருக்கிற ஒடுக்கமான டூம்? அது அண்ணனுடைய வண்டி வகைக்கே உரியது.

இரண்டு பேரும் அடுத்தவர் வண்டியின் முகத்தை வாங்கி, தன் வண்டியில் மாட்டப் போராடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏழு மாதத்தில் முதல்முறையாக அவள் தெருவில் இறங்கிப் பக்கத்து வாசலுக்குள் நுழைந்தாள்.

ஓரகத்தி தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். ஸ்டிக்கர் வெட்டும் தொழில் அவளுக்கு. விரல் இடுக்கில் பிளேடு, மடி நிறையத் தாள் சுருள். செங்கல் நிற வண்டி ஒன்று அவள் முன்னால் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி, வழி தவறி வந்துட்டியா?"

"அக்கா, மாமா இல்லையே?"

"நம்பர் எடுக்கப் போயிருக்காரு. ஏன், முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

நம்பர் விதித்தாளை நீட்டினாள். ஓரகத்தி பின்பக்கத்தைப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"எங்களுது தப்பிக்கும். உங்க மாமா கம்பெனிப் பட்டையைத்தான் நடுவுல கொடுத்திருக்காரு. ஓட்டை போடலை."

"ஆனா இடிக்குதே."

"அதான் எனக்கும் மூணு நாளா தூக்கம் இல்லை. 'அவ்வளவு தூரம் யாரு ஒடிச்சுப் பாக்கப் போறா, நீ உன் வேலையைப் பாரு'ன்னாரு. இந்த நடுவரம்மா நிச்சயம் பாப்பாங்க. ரேஸ் ஓட்டினவங்களாம்."

"அக்கா, அந்த நடுப் பட்டையை எடுத்துட்டு எங்க டூமை வெச்சா நேரா உக்காரும். உங்களுது எங்க வண்டியில உக்காரும். ரெண்டுலயும் ஒரே வட்ட லைட்டுதான்."

ஓரகத்தி பிளேடைக் கீழே வைத்தாள்.

"உன் புருஷன் என்ன சொல்லுவாரு?"

"குதிப்பாரு."

"இவரு கூரைக்கே ஏறிடுவாரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல முடியாது.

மணி ஒன்பதரை.

நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து செங்கல் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றுதான் இருந்தது. நம்பர் கழற்ற, ஓரகத்தி போல்ட்டுகளைத் தன் துப்பட்டாவை விரித்து அதில் வரிசையாக வாங்கிக்கொண்டாள். இடது பக்கத்தது இடது, வலது பக்கத்தது வலது. ஒரு வாஷர் உருண்டு மேஜைக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் படுத்துத் தேடினார்கள்.

கை நீட்டித் துழாவிக்கொண்டே ஓரகத்தி சொன்னாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த டேங்குக் கீறல்."

"அதை விடுங்க அக்கா."

"விட முடியலை. அவரும் கீறலை, உன் புருஷனும் கீறலை. ஸ்டிக்கரை வெட்டும்போது என் பிளேடு பட்டுது. சொல்லிடலாம்னு வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

 ஏழு மாதம். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் தூசியில் முகத்தை வைத்துக்கொண்டு, கண் கலங்க, வாஷரைத் தேடுகிறவள் மேல் எப்படிக் கோபப்படுவது?

"போட்டி முடியட்டும். நானே என் வாயால சொல்றேன். அதுவரைக்கும் நீ சொல்லாதே."

"சரிக்கா." பிறகு இவளும் தன்னுடையதைச் சொன்னாள். "அவரு ஊரை விட்டே போகலாம்னு இருக்காரு. பஸ் கம்பெனியில வேலை. நாளைக்குப் பதில் சொல்லணும்."

ஓரகத்தியின் கை மேஜைக்கு அடியில் அப்படியே நின்றது. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"யாரு சொல்றது?"

வாஷர் அகப்பட்டது. அதற்குமேல் பேச நேரம் இல்லை.

ஓட்டை போட்ட பட்டைகளை நம்பர் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அகல டூமை நீல வண்டியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் போல்ட்டை விரலால் திருகினாள். ஏறியது. இரண்டாவது ஏறியது. நாலாவது வரைக்கும் ஸ்பேனரே தேவைப்படவில்லை; வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. செங்கல் வண்டியில் நடுப் பட்டையைக் கழற்றியதும் ஒடுக்க டூம் தன் வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்தது.

பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள். நீல உடம்புக்குச் செங்கல் முகம். செங்கல் உடம்புக்கு நீல முகம்.

"யாரோ அவசரத்துல மாத்திப் பூட்டின மாதிரி இருக்கே" என்றாள் நம்பர். குரலில் பயம் தட்டியது. பெயின்ட் அடித்தால் காயாது.

ஓரகத்தி வண்டிகளை ஒரு சுற்று சுற்றி வந்தாள். தலையைச் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். "அவசரம்னு தெரியாம இருக்கணும்னா, வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கணும். எனக்கு அரை மணி நேரம் கொடு."

செங்கல் நிறத் தாளில் பென்சில் கனத்துக்கு ஒரு கோடு வெட்டினாள். அது நீல வண்டியின் டூமிலிருந்து கிளம்பி, டேங்க் ஓரமாக வழிந்து, சைடு பேனலைத் தொட்டு, வாலில் போய் முடிந்தது. அதே மாதிரி செங்கல் வண்டியில் ஒரு நீலக் கோடு. தாளை ஒரு முனையில் ஒட்டி, கட்டைவிரலால் நீவிக்கொண்டே அவள் போகிற வேகத்தை நம்பர் வாயைப் பிளந்து பார்த்தாள். ஒரு இடத்தில்கூட குமிழி இல்லை.

இப்போது அவை அக்கா தங்கை மாதிரி இருந்தன. ஒன்றைப் பார்த்தவர்கள் இன்னொன்றைத் தேடாமல் இருக்க முடியாது.

வேன் சத்தம் கேட்டதும் நம்பர் நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் ஷெட்டுக்கு ஓடினாள்.

கணவன் உள்ளே வந்தான். வண்டியைப் பார்த்தான். அவன் கையிலிருந்த எண் அட்டை சாய்ந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினே?"

அவள் தாளின் பின்பக்கத்தைக் காட்டினாள். அவன் படிக்கும்போது அவன் காது மடல் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது அவன் டூம்."

"ஆமா. நம்மளுது அங்க இருக்கு."

"எனக்கு அவன் பிச்சை வேணாம்னு உனக்குத் தெரியாது?"

"மாமா கொடுக்கலைங்க. அவருக்கே தெரியாது. நானும் அக்காவும் எடுத்துக்கிட்டோம்."

அவன் பல்லைக் கடித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பேச்சை விட்டுவிட்டு டூமின் ஓரத்தில் விரலை ஓட்டினான். இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவு. தொழில்காரன் விரல், தன்னை மீறி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தது.

"எப்படி இவ்வளவு கரெக்டா உக்காந்துச்சு?"

"நாலு போல்ட்டும் விரலாலயே ஏறிச்சு. ஏன்னா அது நம்ம வண்டிக்கே வந்த நம்பர்."

அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணனுடைய குரல் கேட்டது. "இது என்ன வேலை? யாரு செஞ்சது?" ஓரகத்தி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம். ஹேண்டில்பார் திரும்புகிற மெல்லிய கிரீச்.

இவர்கள் இருவரும் அசையாமல் நின்று காதைக் கொடுத்தார்கள். இடது பக்கம் முழுக்க ஒடித்தார். எந்தச் சத்தமும் இல்லை. வலது பக்கம் ஒடித்தார். எந்தச் சத்தமும் இல்லை.

கணவன் மூச்சை விட்டான். அவனும் மூன்று நாளாக அந்த டொக்கைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏத்து வண்டியை. பேசறதை அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது மைதான வாசலைத் தாண்டினார்கள்.

முப்பது வண்டிக்கு மேல் இருக்கும். பெரிய வண்டியின் டேங்கைச் சுமந்த சின்ன வண்டிகள், புது வண்டியின் வாலை மாட்டிய கிழட்டு வண்டிகள். ஒலிபெருக்கி கரகரத்தது. நடுவரம்மா ஐம்பது வயதுக்காரர். குட்டை முடி, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் குனிந்து, டார்ச்சை டூமுக்குள் அடித்து, ஹேண்டிலை முழுக்க ஒடித்துப் பார்த்தார். புதுத் துளை என்று மூன்று வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஆள் வாதாடியபோது, "பின்பக்கம் திருப்பிப் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கணவன் திரும்பி இவளைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்குக் காலையில் பட்ட பாடெல்லாம் தீர்ந்துவிட்டது.

இவர்கள் எண் பதினொன்று. அண்ணன் வண்டி இருபத்தாறு. வெகுதூரம் தள்ளி. நீல வண்டியைப் பார்த்த நடுவரம்மா எதையோ குறித்துக்கொண்டு போனார். இருபத்தாறுக்குப் போனதும் நின்றார். திரும்பிப் பதினொன்றைப் பார்த்தார். மறுபடி இருபத்தாறைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல கொண்டாங்க."

ஏழு மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் மூன்று அடி இடைவெளியில் நின்றார்கள். அண்ணன் வானத்தைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"யார் இதுக்குக் காரணம்?"

இருவரும் பார்வையை வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் எடுக்கவில்லை. நடுவரம்மா அவர்களை விட்டுவிட்டுச் சொன்னார். "சரி, ஒரு சுற்று ஓட்டணும். ஆனா செஞ்சவங்க தங்களோட வண்டியை ஓட்டக் கூடாது. நீங்க அதை எடுங்க. நீங்க இதை எடுங்க. வந்து, ஓட்டின வண்டியில என்ன குறைன்னு என்கிட்ட சொல்லணும்."

 ஓரகத்தி நம்பரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "செத்தோம்" என்றாள் மெதுவாக. "குறை சொல்றதுல உங்க மாமாவை அடிச்சுக்க ஆளே கிடையாது."

இரண்டு வண்டியும் கிளம்பின. மைதானத்தின் தொலைவு வளைவில் நீலமும் செங்கலும் சேர்ந்தாற்போல் சாய்ந்து திரும்பியபோது கூட்டம் எழுந்து நின்றது. எந்த முகம் எந்த உடம்புக்கு என்று தெரியவில்லை. ஒரே கோட்டில் ஒன்றைப் பின்தொடர்ந்து இன்னொன்று ஓடுகிற மாதிரி இருந்தது. நம்பர் தன்னையறியாமல் குதித்துக்கொண்டிருந்தாள். யாரோ அவள் காலை மிதித்தார்கள். வலிக்கவே இல்லை.

தம்பி முதலில் இறங்கினான். செங்கல் வண்டியை ஸ்டாண்டில் போட்டான். "குறையில்லை" என்றான்.  "ஹேண்டில் ரொம்ப லேசா இருக்கு. நல்ல ஃபிட்டிங்."

அண்ணன் இறங்கவில்லை. நீல வண்டியில் உட்கார்ந்தபடியே ஹேண்டிலை இடதும் வலதுமாக அசைத்தார். குனிந்தார். டூமுக்குள் தலையை விட்டார்.

"குறை இருக்கு" என்றார்.

தம்பியின் முகம் இறுகியது. நம்பர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரேக் கேபிள் டூமோட ஓரத்துல உரசுது. இப்பத் தெரியாது. ஆறு மாசத்துல பெயின்ட் போயிடும்." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்தார். எந்த வண்டிக்காக வைத்திருந்தாரோ. அதைக் கேபிளில் நுழைத்து, உரசுகிற இடத்துக்கு நேராக நகர்த்திவிட்டார். "இவ்வளவு நல்ல பெயின்ட்டைக் கேபிள் தின்னக் கூடாது பாருங்க. இந்த ஊர்ல இப்படி வேற யாரும் அடிக்க முடியாது."

நடுவரம்மாவிடம்தான் சொன்னார். ஆனால் கேட்க வேண்டியவன் கேட்டுவிட்டான். தம்பி குனிந்து இல்லாத தூசி ஒன்றைச் சீட்டிலிருந்து துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

மூன்று மணிக்கு முடிவைச் சொன்னார்கள். பதினொன்றும் இருபத்தாறும் தனித்தனியாக இல்லை, ஜோடியாகத் தேர்வு. அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று.

"நாளைக்கு அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிடறேன்" என்று கணவன் அவள் காதருகில் சொன்னான். கைதட்டல் சத்தத்தில் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாக இருந்தது.

"எந்தக் கம்பெனி?" என்று அண்ணன் கேட்டார். ஏழு மாதத்தில் தம்பியிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"அது ஒண்ணுமில்லைண்ணே."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு இவ்வளவு சந்தோஷமா சொல்றே?"

தம்பி பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நடுவரம்மா காகிதத்தோடு வந்துவிட்டார். "இறுதிச் சுற்று வேற மாதிரி. மேடையில, எல்லாரும் பாக்க, ரெண்டு வண்டியோட உடுப்பையும் கழட்டி மாத்திப் பூட்டணும். யார் உண்மையிலே மாத்தினாங்களோ அவங்கதான் செய்யணும். இப்ப சொல்லுங்க, யாரு?"

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"நீங்களா?" நடுவரம்மாவின் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "எவ்வளவு நேரமாச்சு?"

"ஸ்டிக்கரோட சேர்த்து ஒண்ணேகால் மணி நேரம்" என்றாள் ஓரகத்தி.

"மேடையில நாற்பது நிமிஷம். இவங்க ரெண்டு பேரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது."

அவ்வளவுதான். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து பேசத் தொடங்கினார்கள். டேங்கை முதலில் கழற்ற வேண்டும் என்றார் அண்ணன். பேனலைக் கழற்றாமல் டேங்க் எப்படி வரும் என்றான் தம்பி. என் ஷெட்டில் பழகட்டும் என்றார் இவர். வெளிச்சம் என் பக்கம்தான் என்றான் அவன். சண்டைதான். ஆனால் பேச்சு.

நம்பர் தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கருப்பு. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நம்பரைச் சொல்வது வேறு. ஆயிரம் பேர் பார்க்க ஸ்பேனரைப் பிடிப்பது வேறு.

"பயமா இருக்காடி?" என்றாள் ஓரகத்தி.

"ரொம்ப."

"எனக்கும்தான்." ஓரகத்தி கணவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்?"

"ஆறு மணிக்கு வந்துடுங்க அக்கா. இவங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி."